ஒப்பீட்டு இடர்: ஆய்வேடுகளில் திரும்பத் திரும்ப வரும் தவறுகள்

முதுநிலை மருத்துவ மாணவர்களின் ஆய்வேடுகள் மேசைக்கு வரும் பருவத்தில், பழைய பிழைகளும் கூடவே வந்துவிடுகின்றன. கணக்குச் சறுக்கல்களைப் பற்றிக் கவலையில்லை. யார் கண்ணிலாவது பட்டுவிடும். கண்ணில் படாமல் அச்சேறுபவற்றைத்தான் சொல்ல வேண்டும். ஒப்பீட்டு இடர் என்பது, ஒரு குழுவில் நோய் வரும் விகிதத்தை மற்றொரு குழுவின் விகிதத்தால் வகுத்தது.

ஆட்ஸ் விகிதத்தை ஒப்பீட்டு இடர் என்று எழுதுவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். ஒரு மாணவி, “இடர் இரண்டே கால் மடங்கு” என்று எழுதி வந்தார். லாஜிஸ்டிக் ரிக்ரஷன் என்ற புள்ளியியல் முறை தந்த 2.25 அது. நான்கு கட்டம் போட்டு எண்களை நிரப்பச் சொன்னேன். புகைப்போர் 100 பேரில் 60 பேருக்கு நாள்பட்ட இருமல், புகைக்காதோர் 100 பேரில் 40 பேருக்கு. 60-ஐ 40-ஆல் வகுத்தால் 1.5; அதுதான் ஒப்பீட்டு இடர். “மென்பொருள் அப்படித்தானே கொடுத்தது?” என்றார். ஆட்ஸ் என்பது இருமல் உள்ளவர்களை இல்லாதவர்களால் வகுத்தது. மென்பொருள் கொடுத்தது ஆட்ஸ் விகிதம்: புகைப்போரின் 60க்கு 40 என்பதைப் புகைக்காதோரின் 40க்கு 60 என்பதால் வகுத்தது. 50 சதவீதக் கூடுதல் இடர், தாளில் 125 சதவீதமாகிவிட்டது.

நோய் அரிதாக இருந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகும். பரவலாக இருந்தால் வெகுதூரம் விலகும். 1999இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ வெளியிட்ட ஓர் ஆய்வில், இதயப் பரிசோதனைக்கு மருத்துவர்கள் பரிந்துரைத்த விகிதம் வெள்ளையருக்கு 90.6 சதவீதம், கறுப்பினத்தவருக்கு 84.7. ஆட்ஸ் விகிதம் 0.6. “வாய்ப்பு 40 சதவீதம் குறைவு” என்று செய்திகள் பரவின. உண்மையான ஒப்பீட்டு இடர் 0.93. அதே ஆண்டு அதே இதழிலேயே விளக்கக் கட்டுரை வந்தது. அதற்குள் செய்தி ஊரெல்லாம் சுற்றிவிட்டது.

ஒரு குழுவைத் தொடர்ந்து கவனித்து யாருக்கு நோய் வருகிறது என்று பார்க்கும் கோஹார்ட் ஆய்வில், பகுதி எண் (மொத்தம் எத்தனை பேர் என்பது) கையிலேயே இருக்கிறது; ஒப்பீட்டு இடரை நேரடியாகவே கணக்கிடலாம். நோயுள்ளோரையும் இல்லாதோரையும் தேர்ந்தெடுத்து ஒப்பிடும் கேஸ்-கன்ட்ரோல் ஆய்வு செய்பவருக்குத்தான் அந்த வசதி இல்லை. வயது, பாலினம் போன்றவற்றைச் சரிக்கட்ட வேண்டுமா? ஒப்பீட்டு இடரையே தரும் ரிக்ரஷன் முறைகளான லாக்-பைனாமியலையோ, ராபஸ்ட் பிழையுடன் பாய்சானையோ பயன்படுத்துங்கள்.

மடங்கை மட்டும் சொல்வது

பிரிட்டிஷ் மருத்துவர்களின் புகைப்பழக்கத்தை ஆராய்ந்த ஆய்வில், ரிச்சர்ட் டாலும் ரிச்சர்ட் பீட்டோவும் 1976இல் தந்த எண்களைப் பாருங்கள். ஆண்டுக்கு லட்சம் பேரில் நுரையீரல் புற்றுநோய் மரணங்கள் புகைப்போரிடம் 140, புகைக்காதோரிடம் 10: 14 மடங்கு. இதயத் தமனி நோயில் 669, 413: வெறும் 1.6 மடங்கு. ஆனால் கூடுதல் மரணங்கள் முன்னதில் 130, பின்னதில் 256. மடங்கோடு வித்தியாசத்தையும் எழுதுங்கள்.

தொடக்கத்திலேயே நோய் உள்ளவர்கள்

பகுதி எண்ணில் சேர்க்காதீர்கள்.

நம்பக இடைவெளி

உண்மையான மதிப்பு எந்த எல்லைகளுக்குள் இருக்கக்கூடும் என்று காட்டும் இடைவெளி இது. அது இல்லாமல் எந்த ஒப்பீட்டு இடரையும் என்னிடம் கொண்டுவராதீர்கள்.

பாதியில் விலகியவர்கள்

ஆறு மாதத்தில் ஊர் மாறிப்போனவரை ஐந்தாண்டும் இருந்தவராக எண்ணினால் இடர் குறைந்து தெரியும். நபர்-ஆண்டுகளால் (ஒவ்வொருவரும் ஆய்வில் இருந்த ஆண்டுகளின் கூட்டுத்தொகையால்) வகுத்து, இரு குழுக்களையும் ஒப்பிட்டு, அதை வீத விகிதம் என்றே குறிப்பிடுங்கள்.