இரவில் இடம்பெயரும் பூச்சிகள் எந்தப் பக்கம் போகின்றன? பாலக்காட்டுக் கணவாயில் பார்க்கும் முறை

விளக்கில் வந்து விழும் அந்துப்பூச்சிகளைப் பார்த்தால் என்னென்ன இனம் பறக்கிறது என்று தெரியும். எங்கே போகின்றன என்று தெரியாது, விளக்கே அவற்றின் வழியைக் கெடுத்துவிடுகிறது. ஆகவே இனம் பார்க்க விளக்கோடு அமாவாசையை ஒட்டிய இரவு, திசை பார்க்க விளக்கில்லாமல் நிலவைக் கொண்டு பௌர்ணமியை ஒட்டிய இரவு.

அமாவாசைக்கு, நாலு முழ வெள்ளை வேட்டியை இரண்டு கம்புக்கு நடுவே கட்டுங்கள். கீழே ஓரடி துணி தரையில் விரிந்து கிடக்கட்டும், நிறைய பூச்சி அங்கேதான் உட்காரும், மிதித்துவிடாதீர்கள். சோக் தேவையில்லாத 160 வாட் மெர்க்குரி பல்பை மார்பளவு உயரத்தில், துணிக்கு அரை மீட்டர் முன்னால் தொங்கவிடுங்கள். வீட்டு எல்இடியில் புற ஊதா ஒளி அநேகமாக இல்லை, கூட்டம் குறையும். சூடான பல்பில் மழைத்துளி பட்டால் கண்ணாடி விரிசல் விடும். அணைத்தால் ஆறும்வரை மறுபடி எரியாது.

விளக்கைத் தரையில் மேல்நோக்கி வைப்பதுதான் பெரிய தவறு. வெளிச்சம் இருக்கும் பக்கமே வானம் என்று பூச்சி முதுகை அங்கே திருப்பும் என்பதை 2024இல் வெளிவந்த கேமரா ஆய்வு காட்டியது. கீழிருந்து ஒளி வந்தால் அது தலைகீழாகக் கவிழ்ந்து விழுகிறது. மக்காச்சோளக் காட்டுப் பக்கம் படைப்புழுவின் அந்து வரும். கிளம்பும்போது துணியை மெல்ல உதறிவிடுங்கள், இல்லாவிட்டால் விடிந்ததும் கரிச்சானுக்கு இரை.

பௌர்ணமிக்கு விளக்கே வேண்டாம். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் தென்னை மறைக்காத வயல்வெளி போதும். 10 மடங்கு பைனாகுலரை ஸ்டாண்டில் பொருத்தி நிலவைப் பாருங்கள். நிலவைக் கடிகார முகமாக நினைத்து, குறுக்கே போகும் ஒவ்வொன்றும் எந்த எண் இருக்கும் இடத்தில் நுழைந்து எந்த எண் இருக்கும் இடத்தில் வெளியேறியது என்று குறியுங்கள். கூடவே நேரம், நிலவு நிற்கும் திசை. இவை இல்லாத குறிப்பு வீண்.

பலரும் தவறுவது நேரத்தில். ஏழு மணிக்கு நிலவு கிழக்கே தாழ நிற்கும், அப்போது கிழக்கு மேற்காகப் பறப்பவை உங்களை நோக்கியோ விலகியோ போவதால் நகர்வே தெரியாது. இந்தக் கணவாயிலோ ஜூன் முதல் செப்டம்பர்வரை மேற்கிலிருந்து வரும் மேல்காற்று, நவம்பர் முதல் பிப்ரவரிவரை கிழக்கிலிருந்து வரும் கீழ்க்காற்று. பார்க்க வேண்டியதே அந்தத் திசைதான். நிலவு உச்சிக்கு வரும் 11 முதல் 1 மணிவரை காத்திருங்கள்.

காற்றோடு போனால் காற்று அடித்துப்போகிறது என்று எழுதிவிடாதீர்கள். மண்டையோட்டு அந்துப்பூச்சிகளில் சிறு டிரான்ஸ்மிட்டர் ஒட்டி விமானத்தில் பின்தொடர்ந்த ஆய்வு 2022இல் வெளிவந்தது. குறுக்குக் காற்றிலும் அவை நேர்கோடு மாறவில்லை. அதனால் காற்றின் திசையை ஒப்பிட, நிலவின் மேல் மேகம் ஓடும் திசையையும் தனிக் கட்டத்தில் எழுதுங்கள்.

மேகம் மூடினால் உங்கள் பார்வைதான் நிற்கிறது, அவற்றின் பயணம் அல்ல. ஆஸ்திரேலியாவின் போகாங் அந்துப்பூச்சி நட்சத்திரங்களைக் கொண்டும் புவிகாந்தத்தைக் கொண்டும் வழி பிடிக்கிறது. அந்த இரவை “பூச்சி இல்லை” என்று பதியாமல் “மேகம்” என்று பதியுங்கள்.