தெப்போ குருமென் பற்றி எழுதும்போது எங்கே சறுக்குகிறது

ஐவரி கோஸ்ட்டின் தென்மேற்கு மூலையில், தாபு ஊர்ப் பக்கம் பேசப்படும் மொழி தெப்போ குருமென். கவாலி ஆற்றுக்கு அந்தப் புறம் லைபீரியா. அங்கேயும் இதைப் பேசுகிறவர்கள் உண்டு. இதைப் பற்றி எழுத உட்காருகிறவரை முதலில் தடுக்கி விடுவது பெயர்தான்.

குரு என்பது தெப்போ அடங்கிய மொழிக்குடும்பத்தின் பெயர். லைபீரியக் கடற்கரையின் கிலாவ் மொழிக்கும் அதே பெயர்தான். போதாததற்கு, 19ஆம் நூற்றாண்டில் அந்தக் கரையிலிருந்து பிரிட்டிஷ் கப்பல்களில் வேலைக்குப் போன எல்லாரையும் 'குருமென்' என்றே எழுதி வைத்தார்கள். ஆகவே பழைய கப்பல் பதிவில் அந்தச் சொல்லைப் பார்த்தவுடனே தெப்போ பேசியவர் என்று முடிவு கட்டாதீர்கள். கிலாவ் பேசியவர்களும், அதே குடும்பத்து இன்னொரு மொழியான கிரேபோ பேசியவர்களும் அதில் நிறைய. தமிழில் வெறும் 'குரு' என்று எழுதினால் ஆசிரியரும் வியாழனும் வந்து நிற்பார்கள், அது வேறு தொல்லை. 'குரு மொழிக்குடும்பம்' என்று முழுதாக எழுதிவிடுங்கள்.

அடுத்தது எல்லை. கவாலி ஆற்றை எல்லையாக்கிய உடன்படிக்கை பிரான்சுக்கும் லைபீரியாவுக்கும் 1892இல் நடந்தது. மொழி அதற்கு முன்பே இரண்டு கரையிலும் இருந்தது. 'அங்கிருந்து இங்கே பரவியது' என்று எழுதினால் கதை தலைகீழாகிவிடும். பியே, பிளாப்போ என்று வேறு குருமென் மொழிகளும் உண்டு. பேசுவோர் தொகையைச் சொல்லும்போது எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டிவிடக் கூடாது.

பெரிய சேதம் எழுத்தில்தான் நடக்கிறது. இது தொனி மொழி: குரலின் உயரம் மாறினால் பொருளும் மாறும். ஐவரி கோஸ்ட் எழுத்துமுறையில் அந்த உயரத்தைக் காட்டச் சொல்லுக்கு முன்னால் மேற்கோள்குறி, சிறுகோடு போன்றவற்றை இடுகிறார்கள். பார்ப்பதற்கு அச்சுப்பிழை மாதிரியே இருக்கும். பிரதியைச் 'சுத்தம்' செய்கிறேன் என்று அவற்றை நீக்கினால் நீக்கியது தொனியை. தேடும் மென்பொருள்களும் இதையே செய்யும், கவனம்.

அப்புறம், நம்மவர்களுக்கே உரிய ஆசை ஒன்று. தமிழில் போலவே குரு மொழிகளிலும் 'மேல்', 'உள்ளே' மாதிரியான சொற்கள் பெயருக்குப் பின்னால்தான் வரும். இதை வைத்து லெமூரியா வரை போய்விடாதீர்கள். ஜப்பானியத்திலும் துருக்கியிலும்கூட அப்படித்தான். வாக்கிய அமைப்பும் நம்முடையது அல்ல: சாதாரணமாக வினைக்குப் பின்னால் நிற்கும் செயப்படுபொருள், துணைவினை வந்தால் மட்டும் வினைக்கு முன்னால் வந்துவிடும்.