அமிகா 500: மஞ்சளேறிய விசைகளையும் துருவேறிய பாகங்களையும் மீட்டெடுத்தல்

கமடோர் நிறுவனம் 1987இல் வெளியிட்ட அமிகா 500, மோட்டரோலா 68000 செயலியும் 512 கிலோபைட் நினைவகமும் கொண்டு ஐரோப்பிய வீடுகளில் பெருமளவில் புழங்கிய கணினி. இன்று கைக்குக் கிடைக்கும் அமிகாக்களில் பெரும்பாலானவற்றின் விசைகள் பழுப்பேறியிருக்கும். உள்ளே இருக்கும் தகடும் கம்பிகளும் துருப்பிடித்திருக்கும். இவ்விரண்டும் ஒரே தரத்துக் குறைகள் அல்ல. மஞ்சள் நிறம் தோற்றத்தை மட்டுமே கெடுக்கிறது. அதை அப்படியே விட்டாலும் கணினி ஓடும். துருவும் மின்கலக் கசிவும் அப்படியல்ல, அவை நாள்தோறும் உலோகத்தை அரித்துக்கொண்டே இருப்பவை. கண்ணில் முதலில் படுவது மஞ்சள்தான் என்றாலும், கவனிக்க வேண்டிய வரிசையில் அதற்கு இரண்டாம் இடமே.

ஆகவே முதலில் கணினியைக் கவிழ்த்து, அடிப்புறச் சிறு கதவைத் திறந்து, ஏ501 என்னும் நினைவக விரிவாக்கப் பலகை இருக்கிறதா என்று பாருங்கள். கடிகாரத்துக்காக அதில் பற்றவைக்கப்பட்டுள்ள நிக்கல்-காட்மியம் மின்கலம், வயதானால் காரக் கரைசலைக் கசியவிடும். (1991இல் வந்த அமிகா 500 பிளஸில் மின்கலம் முதன்மைப் பலகையிலேயே இருப்பதால் ஆபத்து இன்னும் அதிகம்.) பச்சையோ நீலமோ கலந்த படிவு தெரிந்தால் மின்கலத்தை வெட்டி அகற்றிவிட்டு, வினிகரில் நனைத்த பஞ்சால் அந்த இடத்தைத் துடைத்துக் காரத்தை முறியுங்கள்; பிறகு வாலை வடிநீராலும் (டிஸ்டில்டு வாட்டர்) ஐசோபுரோபைல் ஆல்கஹாலாலும் கழுவி நன்கு உலர விடுங்கள். மின்கலம் இல்லாவிட்டாலும் கூடுதல் நினைவகம் வேலை செய்யும். கடிகாரம் மட்டுமே நேரத்தை மறக்கும்.

அடுத்து, மேல்மூடியைக் கழற்றி, விசைப்பலகையின் இணைப்பான் எந்தப் பக்கம் நோக்கிச் செருகப்பட்டிருக்கிறது என்பதைப் படமெடுத்துக்கொண்டு அதை உருவுங்கள். விசைகள் இருக்கும் வரிசையையும் தவறாமல் படமெடுங்கள். ஐரோப்பிய மொழிகளுக்கேற்ப விசை அமைப்பு மாறுவதால், இணையத்தில் தேடிக் கிடைக்கும் படம் உங்கள் கணினிக்குப் பொருந்தும் என்ற உறுதி இல்லை. விசையை ஒரு பக்கமாக நெம்பாமல், இருபுறமும் பிடிக்கும் கம்பிக் கவ்வியால் நேர் மேலாக இழுக்க வேண்டும். பல விசைப்பலகைகளில் ஒவ்வொரு விசைக்கடியிலும் ஒரு சிறு ஸ்பிரிங் இருக்கிறது. அது துள்ளி ஓடிவிடாதபடி கையை மேலே குவித்துக்கொள்ளுங்கள். ஸ்பேஸ்பாரைக் கடைசியாகத்தான் கழற்ற வேண்டும். அதன் இரு முனைகளையும் சமமாக அமுக்க உதவும் எஃகுக் கம்பி, பிளாஸ்டிக் கொக்கிகளில் மாட்டப்பட்டிருக்கும்; வயதான கொக்கி அவசரப்பட்டால் ஒடிந்துவிடும். கம்பியை மெல்லப் பக்கவாட்டில் நகர்த்தி ஒவ்வொரு கொக்கியாக விடுவியுங்கள்.

கழற்றிய விசைகளை வெதுவெதுப்பான நீரில், பாத்திரம் துலக்கும் திரவத்தின் சில துளிகளோடு ஊறவைத்து, மென்மையான பல்துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள். அசிட்டோன், தின்னர், நகப்பூச்சு நீக்கி ஆகியவை விசைகளின் பிளாஸ்டிக்கைக் கரைக்கும் என்பதால் அவற்றை அருகிலும் வைக்கக் கூடாது. மஞ்சள் என்று நினைத்ததில் ஒரு பகுதி வெறும் கை அழுக்காக இருந்து இந்தக் கழுவலிலேயே போய்விடுவதும் உண்டு.

எஞ்சியிருப்பது பிளாஸ்டிக்கின் உள்ளிருந்தே வந்த நிறம். ஏபிஎஸ் வகைப் பிளாஸ்டிக்கில் உள்ள பியூட்டாடையீன் பகுதி, புறஊதாக் கதிராலும் வெப்பத்தாலும் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து நிறமுள்ள சேர்மங்களாக மாறுகிறது. தீத்தடுப்புக்காகச் சேர்த்த புரோமின் சேர்மங்களுக்கும் இதில் பங்குண்டு என்று நெடுங்காலமாகச் சொல்லப்படுகிறது. பழங்கணினி ஆர்வலர்கள் 2008இல் பரவலாக்கிய முறை, ஹைட்ரஜன் பெராக்சைடையும் புறஊதாக் கதிரையும் சேர்த்து அந்த நிறத்தை வெளுப்பதே. மருந்துக் கடையில் 20 வால்யூம் என்று எழுதிக் கிடைக்கும் பெராக்சைடு ஏறத்தாழ 6 விழுக்காடு செறிவுள்ளது; விசைகளுக்கு இதுவே போதும். 12 விழுக்காட்டுக் கரைசல் வேகமாக வெளுக்கும் என்றாலும், அது தோலையும் கண்ணையும் அதே வேகத்தில் தாக்கும். நைட்ரைல் கையுறையும் கண்ணைக் காக்கும் கண்ணாடியும் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

ஒளி ஊடுருவும் பெட்டியில் கரைசலை ஊற்றி, உலோகம் எதுவும் ஒட்டியிராத விசைகளை மூழ்கவைத்து வெயிலில் வையுங்கள். ஏபிஎஸ் நீரைவிடச் சற்றே கனமானது என்பதால் விசை முதலில் அடியில் தங்கும். சிறிது நேரத்தில் அதன் குழிந்த உட்புறத்தில் ஆக்சிஜன் குமிழிகள் சேர்ந்து அதை மேலே தூக்கிவிடும். மேற்பரப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியும் குமிழி ஒட்டிய இடமும் வேறு விதமாக வெளுத்துத் திட்டுத்திட்டாகிவிடும். அந்தத் திட்டைப் பிறகு சரிசெய்வது மிகக் கடினம். ஆகவே கால் மணிக்கு ஒருமுறை கிளறிக் குமிழிகளை உதிர்த்துவிடுங்கள், மிதப்பவற்றை பிளாஸ்டிக் வலையால் அமுக்கி வையுங்கள். பெட்டியை இறுக மூடினால் உள்ளே வாயு சேர்ந்து வெடிக்கக்கூடும் என்பதால் மூடியைத் தளர்வாகவே வைக்க வேண்டும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் கரைசல் வெகுவாகச் சூடேறும். 60 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையேல் ஸ்பேஸ்பார் போன்ற நீண்ட விசைகள் வளையலாம்.

எப்போது நிறுத்துவது என்பதுதான் இதில் முதன்மையான முடிவு. அமிகாவின் விசைகள் பளீர் வெள்ளையாக வந்தவை அல்ல. விசையின் அடிப்பாகத்தில் வெளிச்சம் படாத உட்சுவரைப் பாருங்கள். அந்த நிறத்தை எட்டியதும் எடுத்துவிட வேண்டும். ஸ்பேஸ்பார் மற்றவற்றைவிடக் கூடுதலாக மஞ்சளேறியிருப்பது வழக்கம் என்பதால், அதற்கு மட்டும் அதிக நேரம் தேவைப்படலாம். அளவு மீறினால் மேற்பரப்பு சுண்ணாம்பு பூத்ததுபோல் வெளிறி, உடையும் தன்மையும் கூடும். வெளுத்த நிறம் நிலையானதும் அல்ல, சில ஆண்டுகளில் மஞ்சள் திரும்பக்கூடும். இலேசான மஞ்சளை அப்படியே விட்டுவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

விசைகள் வெயிலில் இருக்கும் நேரத்தைத் துருவுக்குப் பயன்படுத்தலாம். ஆனால் பாத்திரங்களும் கையுறைகளும் தனித்தனியாக இருக்க வேண்டும். பெராக்சைடும் மின்கலக் கசிவுக்குப் பயன்படுத்திய வினிகரும் கலந்தால் அரிக்கும் தன்மையுள்ள பெரசெட்டிக் அமிலம் உருவாகும்.

வானொலி அலைக் கசிவைத் தடுக்கப் பலகையை மூடியிருக்கும் தகட்டுக் கவசம், முறுக்கிவிட்ட சிறு நாக்குகளால் பிடிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு முறை வளைக்கும்போதும் நாக்கு பலமிழக்கும் என்பதால், தட்டைக் குறடால் ஒரே முயற்சியில் நிமிர்த்துங்கள். மேலோட்டமான துருவை எண்ணெய் தொட்ட மெல்லிய இரும்புக் கம்பளியால் தேய்த்தாலே போதும். அதன் தூள் பலகையில் விழுந்தால் குறுக்குச்சுற்று (ஷார்ட் சர்க்யூட்) ஏற்படும் என்பதால், இதை வேறு அறையில் செய்யுங்கள். ஆழமான துருவுக்கு, ஒரு லிட்டர் நீரில் 50 கிராம் சிட்ரிக் அமிலம், அதாவது மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பைக் கரைத்து ஊறவைத்து, அரை மணிக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அமிலம் துருவோடு தகரம், துத்தநாகப் பூச்சுகளையும் தின்னும். ஆகவே இரவு முழுதும் விட்டுவிடக் கூடாது. ஸ்பேஸ்பார் கம்பியை ஊறவைக்கவே தேவையில்லை, நுண்ணிய உப்புத்தாளால் பளபளப்பாகத் தேய்த்தாலே போதும். ஸ்பிரிங்குகளை அமிலத்தில் நெடுநேரம் போட்டால் எஃகுக்குள் ஹைட்ரஜன் ஏறி அவை முறியலாம். துரு மிகுந்தவற்றை மாற்றிவிடுவதே மேல்.

அமிலத்திலிருந்து எடுத்ததும் சமையல் சோடா கரைத்த நீரில் முக்கி, சுடுநீரில் அலசி, உடனே துடைத்து, தலைமுடி உலர்த்தியால் காயவையுங்கள். சற்றுத் தாமதித்தாலும் வெறும் எஃகின் மேல் புதிய செந்துரு படரும். காய்ந்த கவசத்தின் வெளிப்புறத்துக்குத் துத்தநாக ஸ்பிரே அடிக்கலாம். பலகையின் தரைத்தொடர்பை (கிரவுண்ட்) தொடும் இடங்களையும் நாக்குகளையும் ஒட்டுத்தாளால் மறைத்துவிடுங்கள், அங்கே உலோகம் உலோகத்தைத் தொட வேண்டும்.

விசைகளை நல்ல நீரில் பலமுறை அலசி, ஒரு நாள் முழுதும் நிழலில் உலர்த்துங்கள். உட்குழியில் தங்கும் ஒரு துளி நீரே ஸ்பிரிங்கை மீண்டும் துருப்பிடிக்க வைக்கும். ஸ்பேஸ்பார் கம்பி உரசும் கொக்கிகளில் சிலிக்கான் கிரீஸை இலேசாகத் தடவி, அதை முதலில் பொருத்துங்கள். இடது முனையையும் வலது முனையையும் தனித்தனியே அழுத்தி, இரண்டும் ஒரே சீராக இறங்கி எழுகின்றன என்று உறுதியான பிறகே மற்ற விசைகளை மாட்டுங்கள்.