ஆர் மொழியில் பட்டியலை எண் அட்டவணையாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜேசன் (JSON, தரவைப் பெயரும் மதிப்புமாக எழுதிவைக்கும் வடிவம்) கோப்பைப் புள்ளியியல் கணக்கீட்டுக்கான ஆர் நிரல்மொழியில் படித்தால் பட்டியலுக்குள் பட்டியலாகத்தான் பெரும்பாலும் கைக்கு வரும். அதை 'அன்லிஸ்ட்' கொண்டு ஒரே நீள வரிசையாக்கி, 'மேட்ரிக்ஸ்' கட்டளையில் கொட்டிவிடுவது பலருடைய வழக்கம். பிழைச்செய்தி வராது, தவறான அட்டவணை வரும். அதுதான் ஆபத்து.

மூன்று நாள் வானிலைப் பதிவை எடுத்துக்கொள்வோம். வெப்பநிலை, ஈரப்பதம், மழை என்ற வரிசையில் முதல் நாள் 31, 70, 2. இரண்டாம் நாள் 29, 82, மழையளவு 'நல்' (மதிப்பே இல்லை என்பதன் குறி). மூன்றாம் நாள் 33, 65, 0. 'நல்' மதிப்பை 'அன்லிஸ்ட்' ஓசையில்லாமல் விட்டுவிடும். ஒன்பது கட்டங்களுக்கு எட்டு எண்கள்தான் மிஞ்சும். அவற்றை மும்மூன்றாக அடுக்கினால் இரண்டாம் நாள் மழை 33 மில்லிமீட்டர், மூன்றாம் நாள் வெப்பநிலை 65 டிகிரி! கடைசிக் கட்டத்தில் முதல் எண்ணான 31 மறுபடியும் வந்து உட்கார்ந்துகொள்ளும். இங்கே ஓர் எச்சரிக்கையாவது வரும். மூன்று மதிப்புகள் விடுபட்டு ஆறு எண்கள் மிஞ்சினால் அதுவும் வராது. ஒரு நாளே காணாமல் போயிருக்கும்.

நீளத்தைச் சரிபார்த்தால் போதாதா? போதாது. 'நல்' உள்ளே இருக்கும்வரை நீளங்களைச் சொல்லும் 'லெங்த்ஸ்' கட்டளை அந்தப் பதிவுக்கும் 3 என்றே சொல்லும். ஆகவே தட்டையாக்கும் முன்பே ஒவ்வொரு 'நல்'லையும் 'என்ஏ' (இடத்தை விட்டுக்கொடுக்காத, விடுபட்ட மதிப்பின் குறி) என்று மாற்றிவிட வேண்டும். மதிப்பைப் பெயர் சொல்லி இரட்டைச் சதுர அடைப்புக்குறியால் எடுத்தால், அந்தப் பெயரே இல்லாத பதிவிலும் 'நல்'தான் கிடைக்கும். ஒரே சோதனையில் இரண்டும் அடங்கிவிடும்.

'மேட்ரிக்ஸ்' இயல்பாக மேலிருந்து கீழாக நிரப்பும் என்பதையும் மறக்கக் கூடாது. கிடைவரிசையாக நிரப்பச் சொல்லும் 'பைரோ' கொடுக்காவிட்டால் முதல் நாளின் மூன்று எண்களும் முதல் நெடுவரிசையில் போய் நிற்கும்.

பதிவுகளைக் கிடைவரிசைகளாக ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டும் 'டூ.கால்', 'ஆர்பைண்ட்' இணை பார்வைக்கு நேர்த்தியானது. ஆனால் உள்ளே இருப்பவை பட்டியல்கள் என்றால், கிடைப்பது எண் அட்டவணை போலத் தோன்றும் பட்டியல் அட்டவணை. கூட்டுத்தொகை கேட்டால்தான் குட்டு வெளிப்படும்.

ஈரப்பதம் ஓரிடத்தில் "82%" என்று எழுத்தாக இருந்தால் 'அன்லிஸ்ட்' எல்லா எண்களையும் எழுத்தாக்கிவிடும். அப்போது தரவு அட்டவணையை எண் அட்டவணையாக்கும் 'டேட்டா.மேட்ரிக்ஸ்' பக்கம் ஓடாதீர்கள். எழுத்து நெடுவரிசையை அது ஃபாக்டராக்கி (வகைப் பட்டியலாக்கி), மதிப்புக்குப் பதில் 1, 2, 3 என்ற குறியெண்களைத் தரும். அவையும் எண்கள்தானே என்று அடுத்த கணக்கீடு தடையின்றி ஓடும். சதவீதக் குறியை நீக்கிவிட்டு, எழுத்தை எண்ணாக்கும் 'ஆஸ்.நியூமெரிக்' கொடுப்பதே சரி.

ஒவ்வொரு பதிவிலும் ஒரே வேலையைச் செய்து விடைகளைச் சேர்க்கும் 'எஸ்அப்ளை' மீது எனக்கு நம்பிக்கை கிடையாது: நீளங்கள் ஒத்துப்போனால் அட்டவணை தரும், இல்லையென்றால் பட்டியலையே திருப்பித் தரும். அதே வேலையைச் செய்யும் 'விஅப்ளை'யிடம் பதிவுக்கு மூன்று எண்கள் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். குறைந்தாலோ, எழுத்து கலந்தாலோ அங்கேயே நின்றுவிடும். அதில் ஒவ்வொரு நாளும் ஒரு நெடுவரிசையாக வருவதால், முடிவை 'டி' கட்டளையால் ஒருமுறை திருப்பிக்கொள்ள வேண்டும்.