ஔகாரக் குறியால் விழாமல் போன மதிப்பெண்: என் அனுபவம்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் நான் நடத்தும் மாலை வகுப்பின் கைப்பேசி வினாடி வினாவில், சாஞ்சித் தூபி எந்தச் சமயத்தைச் சார்ந்தது என்ற கேள்விக்குப் ‘பௌத்தம்’ என்றே விடையளித்தும் மாணவர் சிலருக்கு மட்டும் மதிப்பெண் விழவில்லை. சொல்லின் இறுதியில் இடைவெளி இருக்குமோ என்று நீக்கிப் பார்த்தேன், எழுத்துருவை மாற்றினேன், செயலியை மீண்டும் நிறுவச் சொன்னேன், எதுவும் பயன் தரவில்லை. நாள்கள் வீணான பின், விடைகளை விரிதாளில் ஒட்டி, நீளத்தை எண்ணும் சூத்திரத்தை இட்டபோது, கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரிந்த சொற்களில் ஒன்றுக்கு 7, மற்றொன்றுக்கு 8 என வந்தது. கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் பொதுமுறையான யூனிகோடில் ஔகாரக் குறி (ௌ) ஒரே குறியீடு. மதிப்பெண் விழாத மாணவர்களோ ஒற்றைக் கொம்பையும் (ெ) ளகரத்தையும் தனித்தனியே தட்டியிருந்தார்கள். தாளில் எழுதும் வடிவமும் அதுவே என்பதால் பிள்ளைகளைக் குறை கூற இடமில்லை. இரு வடிவங்களையும் ஏற்கத்தக்க விடைகளாகச் சேர்த்ததும் மதிப்பெண்கள் சரியாயின, பெரிய நிம்மதி. ‘ஔவையார்’, ‘கௌதமர்’ வரும் வினாக்களிலும் இதையே செய்துவிட்டேன்.