இறைப் பண்புகளுக்குள் முரண் இருக்கிறதா? சோதிக்கும் முறை

எல்லாம் வல்லவர், எல்லாம் அறிந்தவர், முற்றிலும் நல்லவர், காலம் கடந்தவர், மாறாதவர். இந்த ஐந்தும் ஒருவரிடமே சேர்ந்திருக்க முடியுமா என்பதுதான் இங்கே கேள்வி. கடவுள் இருக்கிறாரா என்பது வேறு கேள்வி. எட்டுக்கால் குதிரை என்ற எண்ணத்தில் முரண் எதுவும் இல்லை, குதிரைதான் இல்லை. முரண் அகப்பட்டுவிட்டாலோ தீர்ப்பு உறுதி: அந்த வரையறைக்குப் பொருந்தும் எவரும் இருக்க முடியாது. 'அந்த வரையறைக்கு' என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். வாதங்கள் பெரும்பாலும் சறுக்குவது அங்கேதான்.

ஒரு தாளில் மூன்று கட்டம் போடுங்கள்: பண்பு, வரையறை, விலை. மூன்றாவது எதற்கு என்பது போகப்போகத் தெரியும்.

வல்லமையை வரையறுத்தல்

அதிக நேரம் பிடிப்பது இதுதான். 'எதையும் செய்ய முடியும்' என்று எழுதினால் சோதனை அங்கேயே முடிந்துவிடும். கணித உண்மைகள்கூட இறைவன் விதித்தவையே என்று 1630இல் எழுதிய கடிதங்களில் பிரெஞ்சுத் தத்துவவாதி தெக்கார்த் சொன்னார். அப்படிக் கொண்டால், முரணானதும் இறைவனுக்குக் கைகூடும். பிறகு 'இது முரண்' என்று காட்டி என்ன பயன்?

13ஆம் நூற்றாண்டில் கிறித்தவ இறையியலாளர் தாமஸ் அக்குவைனஸ் போட்ட வரம்பு உதவும்: தன்னுள் முரண் இல்லாத எதையும் செய்ய வல்லவர். வட்டமான சதுரத்தைப் படைக்க முடியாதது குறையல்ல, ஏனென்றால் அப்படியொரு செயலே கிடையாது. இதைத் தளர்த்தி 'தன் இயல்புக்கு இயன்றதையெல்லாம் செய்பவர்' என்று எழுதினால் கதை கந்தலாகிவிடும். காதைச் சொறிவது மட்டுமே இயல்பான ஒருவனை நினைத்துப் பாருங்கள். அவன் காதைச் சொறிகிறான். ஆகவே அவனும் எல்லாம் வல்லவன்! தத்துவ வகுப்புகளில் பழகிப்போன எடுத்துக்காட்டுதான், ஆனாலும் இதில் மாட்டுபவர்கள் இன்னும் உண்டு.

இனி அந்தப் புகழ்பெற்ற கல். தன்னால் தூக்க முடியாத கல்லை இறைவனால் படைக்க முடியுமா? முடியும் என்றால் தூக்கும் வல்லமை போயிற்று, முடியாது என்றால் படைக்கும் வல்லமை போயிற்று. எல்லாம் வல்லவரால் தூக்க முடியாத கல் என்பதே வட்டமான சதுரம் என்று 1963இல் தத்துவவாதி ஜார்ஜ் மாவ்ரோட்ஸ் பதில் சொன்னார். சோதிக்க வேண்டிய வல்லமையை முன்கூட்டியே ஒப்புக்கொண்டுவிடுவது இந்தப் பதிலின் பலவீனம். 1967இல் வேட் சாவேஜ் காட்டிய வழி இதைவிட நல்லது. 'தன்னால் தூக்க முடியாத கல்லை அவரால் படைக்க முடியாது' என்பதை மெதுவாகப் படியுங்கள். எந்தக் கல்லைப் படைத்தாலும் அதைத் தூக்கிவிடுவார் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. ஐயம் வந்தால் இப்படிக் கேளுங்கள்: எத்தனை கிலோ கல்லை அவரால் படைக்க முடியவில்லை? எந்த எண்ணையும் சொல்ல முடியாது. 'முடியாது' என்ற சொல் இருக்கிறதே தவிர, இழந்த திறன் எதுவும் இல்லை.

இணை இணையாகப் பார்த்தல்

ஐந்து பண்புகளுக்குப் பத்து இணைகள். பாதிக்கு மேல் சில நிமிடங்களில் கடந்துவிடலாம். நேரம் கேட்பது முற்றறிவு. மாறன் நாளை கடிதம் எழுதுவான் என்று இறைவன் இன்றே அறிவார். அப்படியென்றால் மாறனுக்குச் சுதந்திரம் உண்டா? இரண்டு வாக்கியங்களை எழுதிப் பாருங்கள்.

'எழுதுவான் என்று அவர் அறிந்தால் அவன் எழுதுவான்' என்பது கட்டாயம்.
எழுதுவான் என்று அவர் அறிந்தால், 'அவன் எழுதுவது' கட்டாயம்.

முதலாவது சரி, பொய்யானதை யாரும் அறிய முடியாது. இரண்டாவது அதிலிருந்து பிறக்கவில்லை. 'கட்டாயம்' என்ற சொல் ஒரு வாக்கியம் முழுவதிலிருந்து அதன் கடைசித் துண்டுக்கு நழுவிவிட்டது, அவ்வளவுதான்.

ஆனால் இத்தோடு பேனாவை மூடிவிடாதீர்கள். 1965இல் நெல்சன் பைக் வைத்த வடிவத்தில் இந்த நழுவல் இல்லை. மாறன் எழுதுவான் என்று தவறவே முடியாத ஒருவர் 80 ஆண்டுகளுக்கு முன்பே நம்பினார். நடந்ததை யாராலும் மாற்ற முடியாது. ஆகவே மாறன் எழுதாமல் விட வழியில்லை. இதற்கு எதிராகப் பலரும் எடுப்பது 6ஆம் நூற்றாண்டு ரோமானியச் சிந்தனையாளர் போத்தியஸின் விடை: இறைவன் காலத்துக்கு வெளியே இருக்கிறார், அவருக்கு 'முன்பே' என்பதே இல்லை.

இப்போது மூன்றாவது கட்டத்தை நிரப்புங்கள். காலத்துக்கு வெளியே இருப்பவருக்கு இப்போது மணி என்ன என்று தெரியுமா? மணி மாற மாற அறிவும் மாறினால் மாறாத் தன்மை போகிறது. மாறாவிட்டால் முற்றறிவு குறைகிறது. 1966இல் நார்மன் கிரெட்ஸ்மன் எழுப்பிய சிக்கல் இது. ஓரிடத்தில் ஒட்டுப்போட்டால் இன்னோரிடத்தில் கிழிகிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். வாதத்தின் நடுவில் வரையறையை மாற்றினால் முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். பெரும்பாலோர் செய்யாமல் விடுவது இதைத்தான்.

பட்டியல் எல்லா மரபுக்கும் ஒன்றல்ல. 'எண்குணத்தான்' என்ற குறள் சொல்லுக்குப் பரிமேலழகர் சைவாகமத்திலிருந்து தரும் எட்டில் பேரருள் உடைமையும் உண்டு, வரம்பில் இன்பம் உடைமையும் உண்டு. வரம்பில்லா இன்பத்தில் இருப்பவர் பிறர் துயருக்கு இரங்குவது எப்படி? இதே முடிச்சை 11ஆம் நூற்றாண்டில் கிறித்தவ இறையியலாளர் அன்செல்ம் வேறு சொற்களில் அவிழ்க்கப் பார்த்தார்: இரக்கத்தின் பயன் நம்மை வந்தடைகிறது, வருத்தம் அவரைத் தொடுவதில்லை. அதை ஏற்பவர் 'அருள்' என்ற கட்டத்தில் உணர்ச்சியை அடித்துவிட்டு செயலை எழுத வேண்டும்.

தீமை என்ற தனிக்கணக்கு

துன்பம் உலகில் இருக்கிறது என்பது பண்பு அல்ல, உலகைப் பற்றிய செய்தி. அதனால் இதைத் தனித்தாளில் போடுங்கள். வல்லமை, நன்மை, தீமை மூன்றையும் அருகருகே வைத்தால் மட்டும் முரண் வராது. முரண் உண்டு என்று வாதிட்ட ஜே. எல். மேக்கியே 1955இல் இதை ஒப்புக்கொண்டு இரண்டு இணைப்பு வரிகளைச் சேர்த்தார்: நல்லவர் தன்னால் இயன்ற அளவு தீமையை அகற்றுவார், எல்லாம் வல்லவருக்கு எல்லை இல்லை. சண்டை முழுவதும் அந்த இரு வரிகளின் மேல்தான். ஒரு பெரிய நன்மைக்குச் சில தீமைகளை விட்டுவைக்க வேண்டியிருந்தால் முதல் வரி விழும்.

முரண் இல்லை என்று மறுபக்கம் நிற்பவருக்கும் வேலை உண்டு. 'முரண் அகப்படவில்லை' என்பது 'முரண் இல்லை' ஆகாது. இரண்டு கூற்றுகள் ஒத்துப்போகும் என்று நிறுவ, முதலாவதோடு முரணின்றிப் பொருந்தி, அதனுடன் சேர்ந்து இரண்டாவதைத் தரும் மூன்றாவது கூற்றொன்றைக் காட்ட வேண்டும். அந்த மூன்றாவது உண்மையாக இருக்க வேண்டியதில்லை, இயலக்கூடியதாக இருந்தால் போதும். தத்துவவாதி ஆல்வின் பிளான்டிங்கா மனிதரின் சுதந்திர விருப்பத்தை வைத்துச் செய்தது இதுவே. 'அது உண்மை என்று நிரூபி' என்று அவரை மடக்குவது கேள்வியைத் தவறாகப் புரிந்துகொள்வது. அவ்வளவு துன்பம் எதற்கு என்று கேட்பதானால் அது சான்றின் எடை பற்றிய வாதம். 1979இல் வில்லியம் ரோ எடுத்த பாதை அது, அதற்கு இந்தத் தாள் போதாது.