பழைய பியூக் ரிவியேரா வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1963 முதல் 1965 வரை வந்த பியூக் ரிவியேரா என்ற அமெரிக்கக் காரின் முன்னால் நின்றுகொண்டு நிதானமாக யோசிப்பது கஷ்டம். ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புத் தலைவர் பில் மிட்செல் மேற்பார்வையில் உருவான வண்டி அது. இரண்டே கதவு, நீண்ட பானெட், இஸ்திரி மடிப்பு மாதிரி கூர்மையான விளிம்புகள். முதல் வருடம் 40,000 வண்டிகள்தான் என்று வரம்பு கட்டியே தயாரித்தார்கள். அறுபது வயது தாண்டியும் நல்ல நிலையில் இருக்கும் ரிவியேராக்கள் அமெரிக்காவில் இன்றும் விலைக்கு வருகின்றன. வாங்கப் போகிறவர்களில் பலர், பார்க்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டுக் கண்ணைப் பறிக்கும் இடத்தையே பார்த்துவிட்டு வருகிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு அடித்துக்கொள்ளும்.

பானெட்டைத் திறந்து வைத்து எஞ்சினிலேயே பொழுதைக் கழிப்பது முதல் தவறு. இதில் இருப்பது பியூக்கின் 'நெயில்ஹெட்' (ஆணித்தலை) வி8, அதாவது எட்டு சிலிண்டர் எஞ்சின்; கொள்ளளவு 401 அல்லது 425 கன அங்குலம். வால்வுகள் சிறியவை, செங்குத்தாக ஆணி மாதிரி நிற்கும். பெயர் வந்ததே அதனால்தான். கெட்டியான எஞ்சின். பழுது இருந்தாலும் விவரம் தெரிந்த மெக்கானிக் கழற்றி மாட்டிச் சரிசெய்துவிடுவார். துரு அப்படியில்லை.

நண்பர் ஒருவருடன் ஒரு 1965 மாடலைப் பார்க்கப் போயிருந்தேன். கருநீலம், முகம் பார்க்கலாம் போல் பளபளப்பு. நண்பர் அட்வான்ஸ் கொடுக்கத் தயாராகிவிட்டார். வண்டியின் பின்பக்க ஜன்னல் கண்ணாடியின் கீழ் ஓரத்தில், க்ரோம் பட்டையை ஒட்டி, பெயிண்டுக்கு அடியில் கடுகளவு கொப்பளங்கள் நாலைந்து தெரிந்தன. கட்டைவிரலால் அழுத்தினால் லேசாக அமுங்கியது. டிக்கியைத் திறந்து விரிப்பைத் தூக்கிப் பார்த்தோம்; தரையில் காய்ந்த காவிநிறத் தண்ணீர்த் தடம். அந்தப் பட்டைக்கு அடியில் வருடக்கணக்கில் மழைத்தண்ணீர் தேங்கி, தகட்டை அரித்து, டிக்கிக்குள் சொட்டியிருக்கிறது. புதுப் பெயிண்ட் அதற்கு மேல் போட்ட போர்வைதான். ரிவியேராவில் முதலில் கை வைக்க வேண்டிய இடம் இதுதான். அப்புறம் பின்சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் கீழ்த்தகடு, கால் வைக்கும் தரை, அடியில் வண்டியைத் தாங்கும் எக்ஸ் வடிவச் சேஸிஸின் (அடிச்சட்டத்தின்) பின்பக்கக் கைகள். ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். அது ஒட்டாத இடத்தில் தகடு போய், பட்டி வைத்து நிரப்பியிருக்கிறார்கள் என்று அர்த்தம். வண்டியை லிஃப்டில் ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் கிளம்பி வந்துவிடுங்கள்.

இல்லாத சில்லறைச் சாமான்களை "அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்" என்று விடுவது அடுத்த தவறு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இங்கேதான் சரியாகப் பொருந்துகிறது. க்ரோம் பட்டைகள், விளக்கு வளையங்கள், உள்ளே இருக்கும் கைப்பிடிகள் இவற்றில் பல அந்தந்த வருடத்துக்கு மட்டுமே பொருந்தும். குழிவிழுந்த வார்ப்புச் சாமானுக்கு மறுபடி க்ரோம் ஏற்றும் செலவு, கார்புரேட்டரைச் சரிசெய்யும் செலவைத் தாண்டிவிடும். 1965 மாடலில் முன்பக்க ஓரங்களில் இருக்கும் கிரில்கள் மோட்டாரால் பிளந்து திறக்கும், ஹெட்லைட்டுகள் அதற்குள்ளே ஒளிந்திருக்கும். அவ்வளவு அழகு, ஆனால் அடிக்கடி மக்கர் செய்யும். விற்பவர் அதைத் திறந்தபடியே நிறுத்தியிருந்தால், மூடித் திறந்து காட்டச் சொல்ல மறக்காதீர்கள்.

கியர் விஷயத்தில் இரண்டு பக்கமும் ஏமாறுகிறார்கள். 1963 மாடலில் இருப்பது டைனாஃப்ளோ வகை ஆட்டோமேட்டிக். டிரைவில் போட்டு மிதித்தால் எஞ்சின் சத்தம் ஏறி நிற்கும், வண்டி மெதுவாக அதை எட்டிப் பிடிக்கும், கியர் மாறும் உணர்வே இருக்காது. "கியர்பாக்ஸ் வழுக்குகிறது" என்று நல்ல வண்டியை விட்டுவிட்டு வந்தவர்கள் உண்டு. 1964 முதல் வந்தது மூன்று கியர் உள்ள சூப்பர் டர்பைன் 400. அதில் கியர் மாறுவது தெரிய வேண்டும். அந்த வண்டி வழுக்கும்போது "பழைய பியூக் எல்லாம் இப்படித்தான்" என்று சொன்னால் நம்பாதீர்கள்.

"சிங்கிள் ஓனர், 23,000 மைல்தான் ஓடியிருக்கிறது" என்ற பேச்சையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஓடோமீட்டரில் ஐந்து இலக்கங்கள்தான். லட்சம் தாண்டினால் பூஜ்ஜியத்திலிருந்து மறுபடி தொடங்கும். பிரேக் பெடலின் ரப்பர், டிரைவர் சீட்டின் ஓரம், கதவுக் கீல் இவற்றின் தேய்மானம் அந்த எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பழைய சர்வீஸ் ரசீதுகள் கட்டாக இருந்தால் அதைவிட நல்ல சாட்சி இல்லை.

1965இல் வந்த கிரான் ஸ்போர்ட் என்ற ரிவியேரா வகைக்குக் கூடுதல் விலை கேட்பார்கள். அதன் 425 எஞ்சினில் இரட்டைக் கார்புரேட்டர், 360 குதிரைத்திறன். பெயர்த்தகடும் இரண்டு கார்புரேட்டரும் யார் வேண்டுமானாலும் பின்னால் மாட்டலாம். எஞ்சின் பிளாக்கில் எல்எக்ஸ் என்ற குறியீடு இருக்கிறதா என்று பார்த்த பிறகு விலை பேசுங்கள். கதவுத் தூணில் உள்ள வண்டி எண்ணும் உரிமைப் பத்திரத்தில் உள்ள எண்ணும் ஒன்றுதானா, பத்திரத்தில் இருப்பது விற்பவரின் பெயர்தானா என்பதையும் அதே சூட்டில் பார்த்துவிடுங்கள்.

நீங்கள் போகும்போது எஞ்சின் சில்லென்று இருக்க வேண்டும். ஏற்கெனவே சூடேற்றி வைத்திருந்தால், காலையில் ஸ்டார்ட் ஆகப் படும் பாடும் புகையும் உங்களுக்குத் தெரியாமல் போய்விடும். டயரில் ஆழம் இருந்தாலும் பக்கவாட்டில் அது தயாரான நான்கு இலக்கத் தேதியைப் படியுங்கள். முதல் இரண்டு இலக்கம் எந்த வாரம் என்பதையும், அடுத்த இரண்டு எந்த வருடம் என்பதையும் சொல்லும். பிரேக்கை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ளவே கூடாது. நான்கு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் வழிதான்; ஒரு குழாய் ஒழுகினால் நான்கும் போய்விடும். வண்டி கைக்கு வந்ததும் குழாய்களை மாற்றாமல் நெடுஞ்சாலையில் ஏறாதீர்கள்.

நல்ல வண்டியாகவே பார்த்து வாங்கியவர்களும் செய்யும் தவறு ஒன்று உண்டு. தொழிற்சாலையில் அடித்த பெயிண்ட் இன்னும் இருக்கும், கதவு ஓரத்தில் இரண்டு கீறல் மட்டும் இருக்கும், அதற்காக முழு வண்டியையும் சுரண்டிப் புதுப் பெயிண்ட் அடிப்பார்கள். விவரம் தெரிந்தவர்கள் அந்தப் பழைய பெயிண்டுக்குத்தான் காசு கொடுக்கிறார்கள். சுரண்டினால் திரும்ப வராது. கீறலில் துரு ஏறாதபடி அதே நிறத்தில் தொட்டு வையுங்கள், மெழுகு போட்டுத் துடைத்துவிட்டு ஓட்டுங்கள்.